கரடியின் உள்ளங்கையும் சொட்டுக் குழாயும்

மழை வராமல் காய்ந்துகிடந்த ஒரு காட்டில், மனிதர்கள் விட்டுப்போன ஓட்டு வீடு ஒன்று இருந்தது. அதில் வீரணன் என்ற கரடி குடியிருந்தான். வீட்டின் பின்னால் ஒரு தொட்டி. கோடை தொடங்கியபோது யானையார் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து அதை நிரப்பினார்.

"மழை வரும்வரை எல்லார் உயிரும் இதில்தான். நீதான் காவல், வீரணா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நான் இருக்க என்ன கவலை?" என்று மார்தட்டினான் கரடி.

ஆனால் அந்தத் தொட்டியிலிருந்து வரும் அடுப்படிக் குழாய் சொட்டத் தொடங்கியது. சொட்... சொட்... யாரோ மறந்துபோன ஒன்றைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுவதுபோல. கரடி ஓங்கி இறுக்கினான். சற்று நின்று, மறுபடி சொட்டியது. இன்னும் இறுக்கினான். முன்னைவிட வேகமாகச் சொட்டியது.

குட்டிகளுக்குத் தண்ணீர் பிடிக்க வந்த முள்ளம்பன்றி வேலாத்தாள் குனிந்து பார்த்தாள்.

"அண்ணே, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது. இறுக்க இறுக்க நசுங்கத்தான் செய்யும். தொட்டியடி வால்வை மூடுங்கள், கழற்றி மாற்றிவிடலாம்."

"வால்வையாவது மூடுவதாவது! போ தங்கச்சி, என் பிடிக்கு அடங்காத குழாயா?"

சொன்ன கையோடு குழாயின் தலையைப் பற்றி ஒரு முறுக்கு முறுக்கினான். மடக்! தலை கழன்று கையோடு வந்தது. தண்ணீர் அவன் முகத்தில் பீறிட்டது. பதறிப்போய் உள்ளங்கையால் ஓட்டையை அடைத்தான். தண்ணீர் நின்றது.

"பார்த்தாயா! ஒரு சொட்டு விழுகிறதா?"

"இல்லை அண்ணே. நீங்கள் சாப்பிடப் போவது எப்போது?"

கரடி அதை யோசிக்கவில்லை. வெளியே இலுப்பைப் பூ வாசம் வீசியது. மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது. கால் மரத்தது.

"இவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சின்ன வாஷரின் வேலையைப் பார்க்கிறதே!" என்று சிரித்தாள் வேலாத்தாள்.

"சிரிக்காதே. நீயே போய் வால்வை மூடு."

அவள் போனாள்; போன வேகத்தில் திரும்பினாள். "துருப்பிடித்துக் கிடக்கிறது. என் கைக்கு அசையவில்லை. உங்கள் பலம் வேண்டியது அங்கேதான்."

"கையை எடுத்தால் தண்ணீர் போய்விடுமே!"

"கொஞ்சம் போகும். எடுக்காவிட்டால் குழாயும் சரியாகாது, என் குட்டிகளுக்கும் தண்ணீர் கிடைக்காது."

யானையாரின் சொல் கரடியின் காதில் ஒலித்தது. கண்ணை மூடிக்கொண்டு கையை எடுத்தான், ஓடினான். கொட்டும் தண்ணீரின் ஓசை பின்னாலேயே துரத்தியது. வால்வைப் பற்றி ஒரே திருகு. காடே மௌனமானது போலிருந்தது.

வேலாத்தாள் வீட்டில் கிடந்த பழைய ரப்பர் செருப்பிலிருந்து ஒரு வட்டத்தைக் கடித்தெடுத்து, குழாய்க்குள் வைத்தாள். கரடி தலையைப் பூட்டினான். வால்வைத் திறந்துவிட்டு வந்தான்.

"இப்போது மூடுங்கள். இரண்டு விரல் போதும், அண்ணே."

இரண்டே விரலால் மூடினான். காதை வைத்துக் கேட்டான். ஒரு சொட்டுகூட இல்லை.

தொட்டியில் மட்டும் தண்ணீர் ஒரு சாண் குறைந்திருந்தது. "அது என் குளியல் தண்ணீர்" என்றான் கரடி. மழை வரும்வரை அவன் குளிக்கவே இல்லை. ஈக்களுக்கு அது நல்ல கோடை.

நீதி: இடம் அறிந்து காட்டாத பலம், ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கத்தான் உதவும்.