மூணாவது டம்ளர்

"கொட்டிட வேண்டியதுதான் டீச்சர். எனக்கு வேற வழி தெரியல," அப்படின்னாரு சம்பந்தம்.

பெர்னதெத் லேசாத் தலையாட்டுனாங்க. "ஏன்னு சொல்லுங்கண்ணே."

"ஆஸ்பத்திரி வாசனை. வார்டுக்குள்ள காலை வெச்ச உடனே மூஞ்சியில வந்து அடிக்குமே, அது. பீர்ல அது வந்துச்சுன்னா பீர் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல. கேட்டுக்கிட்டேன்."

பாண்டிச்சேரிக்கு வெளிய, முந்திரித் தோப்பைத் தாண்டி இருந்துச்சு அந்தச் சின்ன பீர் கம்பெனி. அதுல ருசி பார்க்கிறதுக்குன்னு ஒரு ரூம். வெள்ளையடிச்ச சுவரு, ஒரு மேசை, ரெண்டு நாற்காலி. காத்தாடி கூடக் கிடையாது, வாசனை கலைஞ்சிடும்னு.

சம்பந்தம் இங்க வர்றதுக்கு முன்னாடி ஊதுபத்தி கம்பெனியில இருந்தவரு. சந்தனத்துல எவ்வளவு மரத்தூள் கலந்திருக்குன்னு பத்து தப்படி தள்ளி நின்னே சொல்லிடுவாரு. ருசி பார்க்கிற பொறுப்புல இருந்த பெர்னதெத் அந்த மூக்கை நம்பித்தான் அவரை வேலைக்கு எடுத்துப் பாடம் சொல்லிக் குடுத்தாங்க. வயசுல அவங்க இவரோட கடைசித் தங்கச்சியை விடச் சின்னவங்க. இவரு டீச்சர்னு கூப்பிட்டாரு, அவங்க அண்ணேன்னு கூப்பிட்டாங்க. ரெண்டு பேருக்கும் அது தோதாத்தான் இருந்துச்சு.

பாடமெல்லாம் வேகமாப் பிடிச்சுக்கிட்டாரு. ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் மனசு ஒப்பல. ஒரு கிளாஸை மோந்துட்டு அடுத்த கிளாஸுக்குப் போறதுக்கு முன்னாடி, தன்னோட முழங்கை மடிப்பை ஒரு தடவை மோந்துக்கணுமாம். அப்பத்தான் மூக்கு பழைய நிலைக்கு வருமாம். சம்பந்தத்துக்கு அது கௌரவக் குறைச்சலாப் பட்டுச்சு. 'நாய்தான் தன்னையே மோந்துக்கும்'னு நெனச்சுக்கிட்டு, பெர்னதெத் பார்க்கிறப்ப மட்டும் கையை மூக்குகிட்ட கொண்டு போயிட்டு வந்துடுவாரு.

அன்னிக்கு மேசையில இருந்தது இம்பீரியல் ஸ்டவுட்ங்கிற பீரு. கன்னங்கரேல்னு, எண்ணெய் மாதிரி கெட்டியா இருக்கும். போதை சாதாரண பீரைப் போல ரெண்டு மடங்கு. மழைக்கு முன்னாடி டாங்கியில ஊத்தி மூடி, ஆறேழு மாசமாப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தான் கலியமூர்த்தி. பீர் காய்ச்சுறவன். போன தடவை அவன் காய்ச்சுனது புளிச்சுப் போயி மொத்தமும் சாக்கடைக்குப் போச்சு. இதுவும் தேறலைன்னா நீ ஊரைப் பார்க்கப் போயிடுன்னு மொதலாளி சொல்லியாச்சு. அவரு மத்தியானம் வர்றதாச் சேதி. கலியமூர்த்தி வெளிய டாங்கி பக்கத்துல ஹோஸ் பைப்பைக் கையில புடிச்சுக்கிட்டு நின்னான். காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல.

ரெண்டு பேர் மோந்து பார்த்து, அதுல ஒருத்தர் வேணாம்னாலும் பீர் வெளிய போகக் கூடாது. அது பெர்னதெத் போட்ட சட்டம். அவங்க முந்தின நாளே பார்த்துட்டு சரின்னு சொல்லியாச்சு. பாக்கி இவருதான்.

"அந்தப் பய மூஞ்சியை என்னால பார்க்க முடியல டீச்சர். கல்யாணம் ஆயி வருஷம் கூடத் திரும்பல. ஆனா மூக்கு பொய் சொல்லாதே."

"சொல்லாதுதான்," அப்படின்னுட்டு பெர்னதெத் எழுந்து உள்ள போனாங்க.

திரும்பி வந்தப்ப ஒரு தட்டுல மூணு எவர்சில்வர் டம்ளர். தோள்ல ஒரு துண்டு.

"கண்ணைக் கட்டட்டுமாண்ணே?"

"என்ன டீச்சர், இந்த வயசுல கண்ணாமூச்சியா?"

"மொதலாளி வர்ற வரைக்கும் பொழுது போகணுமே."

கட்டுனாங்க. சம்பந்தம் தடவி மொத டம்ளரை எடுத்தாரு. மூக்குகிட்ட கொண்டு போனாரு.

"இதுல இருக்கு. இதான் நம்ம ஸ்டவுட்டு."

"அடுத்தது?"

"இது வேற பீரு. லேசா இருக்கு, கோதுமை வாசனை வருது. ஆனா இதுலயும் இருக்கு டீச்சர்! என்ன இது, கம்பெனி பூராப் பரவிடுச்சா?"

"மூணாவது?"

மூணாவதை மோந்தவரு தலையைப் பின்னால இழுத்துக்கிட்டாரு.

"ஐயையோ. இதுதான் இருக்கறதுலயே மோசம். வேற வாசனையே இல்ல, முழுக்க முழுக்க ஆஸ்பத்திரி. இதைக் குடிக்கிறவன் நேரா அட்மிட் ஆயிட வேண்டியதுதான்."

"சரி, துண்டை அவுத்துக்குங்க."

அவுத்தாரு. மொத டம்ளர்ல கறுப்பு. ரெண்டாவதுல போன மாசத்துலேருந்து டவுன்ல சக்கைப்போடு போடுற கோதுமை பீரு. அதை இவருதான் ஒரு சாயங்காலம் மோந்து பார்த்துட்டு 'பிரமாதம்'னு சொல்லி அனுப்புனது. மூணாவதுல தண்ணி.

பெர்னதெத் அந்த மூணாவது டம்ளரை எடுத்து மடமடன்னு குடிச்சாங்க.

"டீச்சர்!"

"தாகமா இருந்துச்சு."

சம்பந்தம் விடல. "அப்ப தண்ணியிலதான் கோளாறு. குளோரினு! நீங்களே சொல்லியிருக்கீங்க, தண்ணியில குளோரின் இருந்தா பீர்ல மருந்து வாசனை வரும்னு. இந்தா, கண்டுபிடிச்சாச்சு பாருங்க."

"கேன் தண்ணிண்ணே. உங்க வீட்டுக்கும் அதே ஆளுதான் போடுறாரு."

சம்பந்தம் காலி டம்ளரை எடுத்து உள்ள பார்த்தாரு.

"அண்ணே, ஒரு தடவை முழங்கையை மோந்து பாருங்க. எனக்காக வேணாம். நெசமாவே."

சம்பந்தத்துக்குக் காதெல்லாம் சுட்டுச்சு. தெரிஞ்சுதான் இருந்திருக்கு இவங்களுக்கு. சட்டைக் கையை மேல ஏத்தி விட்டுட்டு, மடிப்புல மூக்கை வெச்சாரு. அப்புறம் உள்ளங்கையில. அப்புறம் ஒவ்வொரு விரலா.



"தைலம்," அப்படின்னாரு கடைசியில.

பெர்னதெத் டம்ளரை எல்லாம் தட்டுல எடுத்து வெச்சாங்க.

"வேதவல்லிக்கு. நம்ம வீட்டுல. வாதம் வந்து இடது கை விழுந்துடுச்சுல்ல, தினம் காலையில தேய்ச்சு விடுறேன். சோப்புப் போட்டுத்தான் டீச்சர் கழுவுறேன், ரெண்டு தடவை. முன்னெல்லாம் இங்க சாயங்காலந்தானே ருசி பார்ப்போம். இப்பக் காலையில வெச்சுக்கிட்டோம்…"

மறுபடியும் உள்ளங்கையை மோந்தாரு.

"பெரியாஸ்பத்திரியில கெடந்தப்பவே தேய்க்க ஆரம்பிச்சது. அந்த வார்டுல, கட்டில் பக்கத்துல கீழ உக்காந்துக்கிட்டு. வீட்டுல தேய்க்கிறப்ப இது வெறும் தைலமாத்தான் டீச்சர் தெரியுது. இங்க வந்து கிளாஸைத் தூக்குனா மட்டும்…"



"இப்ப எப்படி இருக்காங்க?"

"இன்னிக்குக் கட்டைவிரலு ஆடுச்சு. நான் கவனிக்கல. அவளே கண்ணைக் காட்டி, பாருன்னா. இன்னொரு தடவை ஆட்டுன்னு சொன்னா மொறைக்கிறா."

பெர்னதெத் சிரிச்சாங்க. இவருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அதோட மூக்கையும் கொஞ்சம் உறிஞ்ச வேண்டி வந்துச்சு.

"கையைப் பின்னால கட்டிக்குங்கண்ணே."

"ஆங்?"

"கட்டிக்குங்க."

பள்ளிக்கூடத்துல பாடம் படிக்காத பையன் மாதிரி கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னாரு. பெர்னதெத் கறுப்பு பீரை ஒரு புதுக் கண்ணாடி கிளாஸ்ல கொஞ்சம் ஊத்துனாங்க. உடனே நீட்டல. ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வெச்சுப் பொத்திக்கிட்டு, கோழிக்குஞ்சைப் புடிச்ச மாதிரி நின்னாங்க. ஜில்லுன்னு இருந்தா இந்த பீர் வாயைத் தொறக்காது, கொஞ்சம் கதகதப்பானாத்தான் பேசும். அப்புறம் கிளாஸை அவரு மூக்குக்கு நேராத் தூக்கிப் புடிச்சாங்க.

சம்பந்தம் கண்ணை மூடிக்கிட்டாரு.

மொதல்ல வறுத்த காபிக்கொட்டை வந்துச்சு. அது வெலகுனதும் கருப்பட்டி, பாகு காய்ச்சுறப்ப லேசா அடிப்புடிச்ச கருப்பட்டி. அதுக்கும் அடியில பேரீச்சம்பழம் மாதிரி ஒண்ணு, அவசரமே இல்லாம. வார்டு எங்கயும் இல்ல. தேடித் தேடிப் பார்த்தாரு, இல்லவே இல்ல.

"குடிங்க."

அவங்களே வாயில சாய்ச்சாங்க. கசப்பு நாக்கோட ஓரத்துல இறங்கி, போற வழியில இனிப்பாச்சு. முழுங்குனதும் நெஞ்சுக்குள்ள சூடா ஒண்ணு பரவி, கொஞ்ச நேரம் அங்கயே உக்காந்துக்கிச்சு.

சம்பந்தம் கண்ணைத் தொறந்தாரு.

"பாவி. என்னமாப் பண்ணியிருக்கான்."

"குறை ஏதாவது?"

"கடைசியில கசப்பு ஒரு இழை தூக்கலா நிக்குது. இன்னும் ஒரு மாசம் வெச்சிருந்தா அதுவும் அடங்கியிருக்கும். ஆனா கொட்டுறதாவது!" சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "அவனை ஊருக்கு அனுப்பப் பார்த்தேனே டீச்சர்."

பெர்னதெத் கிளாஸைக் கீழ வெச்சாங்க. மிச்சம் இருந்ததை அவங்களும் ஒரு வாய் குடிச்சுக்கிட்டாங்க.

"நாளையிலேருந்து தைலம் தேய்க்கிறதை மககிட்ட விட்டுடறேன்," அப்படின்னாரு.

"வேணாம். நீங்களே தேய்ங்க. ருசி பார்க்கிறதை மறுபடியும் சாயங்காலத்துக்கு மாத்திக்கலாம்."

"சாயங்காலமும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும் டீச்சர். முழுசாப் போறதே இல்ல அது."

"இருக்கட்டும்ணே. மொதல்ல கையை மோந்துக்குங்க, அப்புறம் கிளாஸை எடுங்க."

சம்பந்தம் பதில் சொல்ல வாயைத் தொறக்கிறதுக்குள்ள வெளியேருந்து கலியமூர்த்தியோட குரல் கேட்டுச்சு. பாதி அழுகையா இருந்துச்சு.

"சம்பந்தண்ணே! மொதலாளி வண்டி கேட்டுக்குள்ள வந்துடுச்சுண்ணே! சொல்லுங்க, டாங்கியைத் தொறந்து விட்டுடவா?"

"டேய், தொடாதடா! தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்! இரு, வர்றேன்!"

அப்படின்னு கத்திக்கிட்டே அவரு வெளிய ஓடுனாரு, கட்டுன கையைப் பின்னாலேருந்து எடுக்காமயே.