உச்சிவேளை விருந்து

மேகம் வந்தாலும் நிற்காமல் போகிற ஒரு நாட்டை முன்னொரு காலத்தில் வீரகண்டன் என்கிற ராஜா ஆண்டுவந்தான். ஆற்றில் மணல் ஓடும், மரத்தில் முள் காய்க்கும். ராஜாவுக்கோ தினம் மதியம் கோழிக்கறி வேண்டும். கறி ருசித்தால் யாருக்காவது பதவி கிடைக்கும், ருசிக்காவிட்டால் யாருக்காவது பதவி போகும். அப்படி ஒரு ராஜா.

அரண்மனைக் கோழிகளுக்கு அதிகாரி திருமேனிநாதர். தண்ணீர் செழித்த தேசத்திலிருந்து கொழுத்த வெள்ளைக் கோழிகளை வரவழைத்து, கல்மண்டபத்தில் அடைத்து, விடிந்ததிலிருந்து அடையும்வரை அரிசியும் நெய்ச்சோறும் போட்டுக்கொண்டே இருப்பார். சித்திரை வெயில் ஏறியது. கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிச் செத்தன. சாகாமல் அடுப்புக்குப் போனவற்றின் கறியும் வெளிறி, நீர்விட்டு, ஊறின துணிமாதிரி இருந்தது.

ராஜா இலையைத் தள்ளினான். "என்ன நாதரே, இதைத் தின்பதா, பிழிந்து கொடியில் காயப்போடுவதா?"

சபை சிரித்தது. ராஜாவின் பசி மட்டும் சிரிக்கவில்லை. வாயிற்காவலன் மூக்கன் பயந்து பயந்து தன் சாப்பாட்டை எடுத்துவந்து வைத்தான். ஊர்க்கோடியில் கோழி வளர்க்கும் ஒச்சம்மா கொடுத்த கறி. அவளுடைய கோழிகள் கழுத்தில் ஓர் இறகுகூட இல்லாத ஜாதி. சிவந்த கறி, கடிக்கக் கடிக்க ருசி ஊறியது. ராஜா எலும்பையும் விடவில்லை.

"இன்னும் கொண்டா!" என்றான்.

மறுநாளே ஒச்சம்மா அதிகாரி, நாதர் அவளுக்குக் கீழே.

இருபத்திரண்டு வருஷம் ராஜாவுக்குக் கறி பரிமாறின கை நாதருடையது. ஒருநாளாவது ராஜா அந்தக் கையைப் பார்த்து "இன்னும் கொண்டா" என்று சொன்னதில்லை. பசிக்குச் சோறு இருக்கிறது, தாகத்துக்குத் தண்ணீர் இருக்கிறது. அடுத்தவர் வாங்கின பாராட்டு நம் தொண்டையில் சிக்கிக்கொண்டால் அதற்கு என்ன இருக்கிறது? நாதர் தூண் மறைவில் நின்று அவளையே பார்த்தார். கல்மண்டபத்தைத் திறந்து கோழிகளை வேம்பு நிழலுக்கு ஓட்டினாள். விடியற்கருக்கலிலேயே ஊறவைத்த கம்பைப் போட்டாள். வெயில் உறைத்ததும் தீனித் தொட்டியை எடுத்துவிட்டாள், தண்ணீர்ப் பானை மட்டும் இருந்தது. பொழுது சாய்ந்த பிறகு மறுபடி கம்பு, கவிழ்த்துவைத்த சாணிப் பானையில் பிடித்த கரையான். ஒரு கோழியும் சாகவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஒருநாள் சபையில் எழுந்தார். "மகாராசா! உங்கள் கோழிகளுக்கு நடுப்பகல் முழுக்கப் பட்டினி! நான் நாள் முழுக்க நிரப்பிவைத்த தொட்டியை இந்தப் பொம்பளை பிடுங்கிவிடுகிறாள்!"

ராஜாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "என் வீட்டுக் கோழி பட்டினியா? ஏ ஒச்சம்மா, நாளை உச்சிக்குள் பதில் சொல். சொல்லாவிட்டால் உன் கோழி அத்தனையும் குழம்பு, நீ எல்லைக்கு அந்தப்பக்கம்!"

அந்தக் கோழிகளை விட்டால் அவளுக்கு வேறு சொத்து கிடையாது. கொஞ்சம் யோசித்தாள்.

"பதிலை நான் சொன்னா ஐயா ஒத்துக்கமாட்டாக, மகாராசா. நாளைக்கு உச்சியில, வெட்டவெளி முற்றத்துல ரெண்டு இலை போடுறேன். ஐயா கோழிக்குப் போடுற சாப்பாடு ஐயாவுக்கு. நான் போடுறது மூக்கனுக்கு. ஐயா சபைக்கு வர்ற உடுப்போடவே உட்காரட்டும்."

"நெய்ச்சோறு எனக்கு, கூழ் காவல்காரனுக்கு. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?" என்றார் நாதர்.

மறுநாள் உச்சி. கல் தரை கொதித்தது. மூக்கன் வெறும் தோளோடு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு கலயம் கம்பங்கூழை மோர் விட்டுக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தான். நாதர் பட்டு அங்கியும் தலைப்பாகையுமாய், கழுத்தைச் சுற்றி மூன்று சுற்றுச் சால்வையோடு நெய்ச்சோற்றில் கை வைத்தார்.

பாதியில் கை தளர்ந்தது.

"போதும்னா விட்டுருங்க ஐயா," என்றாள் ஒச்சம்மா. "மிச்சத்தை மூக்கன் சாப்பிடுவான்."

"அவனா?" நாதர் விழித்தார். "வை! இன்னும் வை!"

மூக்கன் எச்சிலை விழுங்கும்போதெல்லாம் நாதர் ஒரு கவளம் உருட்டினார். தன் இலையிலிருந்து ஒரு பருக்கைகூட அவனுக்குப் போகக்கூடாது. முழுதும் தின்றார். கொஞ்ச நேரத்தில் முகம் கறுத்தது. வாய் திறந்தது. மூச்சு புஸ் புஸ் என்றது. இரண்டு கைகளும் தானாக விலாவை விட்டு விலகி நின்றன.

ராஜா எட்டிப் பார்த்தான். "அடடே, நாதர் இறக்கையை விரிக்கிறாரே!"

ஒச்சம்மா இன்னொரு கரண்டி நெய்ச்சோற்றை நீட்டினாள். "சாப்பிடுங்க ஐயா. பட்டினி கிடக்கலாமா?"

"ஐயோ, வேண்டாம்! இந்த வெயிலில் சோற்றைக் காட்டாதே! தண்ணி... நிழல்..." என்று அலறினார் நாதர்.

ஒச்சம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். "மகாராசா, தின்ன தீனி வயித்துக்குள்ள அடுப்பா எரியும். வெளியில வெயில், உள்ள அடுப்பு. கழுத்தைத் திறந்து வச்சிருக்கிற என் கோழி கொஞ்சம் தாங்கும், சால்வை போர்த்துன ஐயா கோழி தாங்காது. தவிச்சுச் செத்த உடம்புல கறி எப்படி ருசிக்கும்? இதைச் சொல்லக் கோழிக்கு வாய் கிடையாது. அதுக்குப் பதிலா ஐயா சொல்லிட்டாக."

முற்றமே அதிர்ந்தது. ராஜா கண்ணீர் வரச் சிரித்து, தன் கைக்காப்பைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். மூக்கனுக்கு அன்றைய கோழிக்கறி முழுதும். நாதருக்கோ வேலை மாறியது: கோடை முடியும்வரை உச்சிவேளையில் கோழிகளுக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும், வெறும் தோளோடு.

ஊற்றினார். பானை காயாமல்தான் ஊற்றினார். சில நாளில் கோழிகள் அவர் காலைச் சுற்றியும் வந்தன. ஆனால் தூரத்தில் ஒச்சம்மாவின் சேலை தெரிந்தால் போதும், குடித்துக்கொண்டிருந்த தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு அத்தனையும் அவளிடம் ஓடும்.

நாதர் பானையோடு நின்று அதையும் பார்த்துக்கொண்டிருப்பாராம்.