துரையின் நீளக் கம்பி

தேயிலைத் தோட்டத்துத் துரையின் மலிவான சின்ன ரேடியோவில் செய்தி வைத்தால், நாலு நாட்டுக்காரர்கள் ஒன்றாகக் கத்தினார்கள். நடுவே ஒரு பாட்டு, ஒரு விசில். லயம் என்னும் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வரும் பங்களா வேலைக்காரி மாடத்திக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"லயத்துக்காரங்க கை பட்டுத்தான் கெட்டுப்போச்சு. இப்பவே ஒத்தைக் குரல் வரணும். இல்லாட்டி நீ வீட்டைக் காலி பண்ணு" என்றார் துரை.

மாடத்தி ரேடியோவின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு, "எங்க கைதான் காரணம்னா, எங்க கை செஞ்சதை எடுத்துடுறேங்க" என்றாள். யாரிடமும் இல்லாத நீளத்தில் வேண்டுமென்று, துரை லயத்து ஆட்களைக் கொண்டு ஃபேக்டரி புகைபோக்கிவரை கட்டவைத்த ஏரியல் கம்பியை ரேடியோவிலிருந்து பிடுங்கினாள்.

அத்தனை நாட்டையும் இழுத்துவந்த கம்பி போனதும், செய்தி மட்டும் தெளிவாகக் கேட்டது.

துரை விழித்தார். "அப்போ தப்பு யாரோடது?"

"எங்களோடதுதாங்க தொரை. நீங்க சொன்னதை அப்படியே செஞ்சுட்டோம். இனிமே செய்ய மாட்டோம்."