கருணைக்கிழங்கு கையை அரிப்பது ஏன்

தளபுள, தளபுள என்று பானை கொதிக்கும் ஓசைதான் முதலில் தெருவுக்கு வரும். உள்ளே என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஒச்சம்மாள் கதவைச் சாத்தியிருப்பாள்.

அந்தக் காலத்தில் கீரையும் பேசும், கிழங்கும் பேசும். கருணைக்கிழங்கைத் தொட்டால் கை அரிக்காது. தின்றால்தான் தொண்டை காறும். ஒச்சம்மாள் மசித்து வைத்தால் மட்டும் காறவே காறாது.

"அதென்ன மதினி, உங்க வீட்டுக் கிழங்கு மட்டும் வெண்ணெயா இறங்குது?" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

"எங்க கொல்லை மண்ணு அப்படி."

மண்ணுமில்லை, மாயமுமில்லை. புளித்தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை யாரும் பார்க்காமல் கொட்டிவிடுவாள். அவ்வளவுதான். பானைக்குள் போகுமுன் கிழங்கு கெஞ்சும்: "மருமகளுக்காவது சொல்லிடேன், ஆத்தா."

"சொல்லிட்டா அப்புறம் என்னை எவ மதிப்பா? நீயும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணு."

கிழங்கு சத்தியம் பண்ணியது.

ஒருமுறை ஒச்சம்மாள் தங்கச்சி ஊருக்கு ஒரு சடங்குக்குப் போனாள். மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் அவள் மகன் மொக்கையன் ஏரைப் போட்டுவிட்டுப் பசியோடு வந்தான். மருமகள் பவுனு கொல்லையில் கிழங்கைத் தோண்டி, வெறும் தண்ணீரில் அவித்து மசித்து வைத்திருந்தாள். நம்ம கொல்லைக் கிழங்குதானே என்று அவன் அள்ளி அள்ளி விழுங்கினான்.

பொழுது சாய ஒச்சம்மாள் வந்தபோது வாசலில் கூட்டம். மகன் சுவரில் சாய்ந்திருந்தான். உதடு தடித்து, நாக்கு வெளியே தள்ளி, மூச்சு கீச்சுக் கீச்சென்று இழுத்தது. அம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

"அடியே, எம்புள்ளைக்கு என்னத்தைடி குடுத்த?"

"நம்ம கொல்லைக் கிழங்குதான் அத்தே. இது காறாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

ஒச்சம்மாள் ஓடிப்போய், ஊர் பார்க்கவே புளியைக் கரைத்துக்கொண்டு வந்து சொட்டுச் சொட்டாக அவன் வாயில் விட்டாள்.

உசிர் தங்கியது. குரல் போனது போனதுதான்.

பவுனு அடுப்படிக்குப் போனாள். அங்கே பாதிக் கிழங்கு கிடந்தது. "நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி!"

"சத்தியம் பண்ணிட்டேன் தாயி," என்றது கிழங்கு. "இனி எதுக்கு எனக்கு இந்தப் பேச்சு? ஆனா எவ என் தோலைச் சீவினாலும் சும்மா விடமாட்டேன். கையை அரிச்சு, என்ன பண்ணணும்னு யாரையாவது கூப்பிட்டுக் கேக்க வைப்பேன்."

அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அன்று முதல்தான் கருணைக்கிழங்கு சீவுகிறவள் கையைப் பிடுங்கி எடுக்கிறது. கல்யாணமாகி வந்த புதுப்பெண், "ஐயோ அத்தே, அரிக்குதே!" என்று அலறுகிறாள். மாமியார் வாய் திறப்பதற்குள் நாலு வீட்டிலிருந்து பதில் வருகிறது: "புளியைத் தேயிடி! வேகும்போதும் கரைச்சு ஊத்து!" அவள் தேய்த்துக் கழுவிவிட்டு, அரிவாள்மணையில் மறுபடி உட்கார்ந்து மீதிக் கிழங்கை நறுக்குகிறாள்.