எல்லைக்கல்லும் மூன்று தாய்மாமன்களும்

நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. கூழைப்பட்டியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் பூசணிக்காயில் அவர்கள் ஓட்டை போட்டது ஒன்பது வருடத்துக்கு முந்தைய பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால் மணி. அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

அவர்கள் என்றால் என் அண்ணன் மக்கள் மூன்று பேர். மூத்தவன் சோலைமலை, நடுவில் வீரணன், கடைசி மொக்கச்சாமி. எனக்கு அடுத்த வீடு. நல்ல உழைப்பாளிகள். சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வார்கள். ஊருக்கே அதுதான் பயம்.

அவர்களுக்கு ஒரே தங்கை, பவளக்கொடி. விளாத்திகுளத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் குழந்தைக்கு வெள்ளிக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும். மூன்று தாய்மாமன்களும் வேன் பேசி, புதுவேட்டி எடுத்து, வியாழக்கிழமை கிளம்பத் தயாராக இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஊரில் காளியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். ஆண்கள் எல்லோர் கையிலும் மஞ்சள் கயிறு. மறு புதன்கிழமை சாயங்காலம் எல்லைக்கல்லில் பூசணிக்காய் உடைத்துக் காப்பு அவிழ்க்கும் வரை ஒருவரும் அந்தக் கல்லைத் தாண்டக் கூடாது. வேன் நின்றது. காதுகுத்தைத் தள்ளிவைக்கச் சொல்லித் தங்கைக்குப் போன் போட்டார்கள்.

மூன்று பேரும் புதுவேட்டியோடு வாசலில் உட்கார்ந்து, வராத வேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

"எதுக்குடா இப்படி உக்காந்திருக்கீங்க? வீட்டுல, தோட்டத்துல எவ்வளவு வேலை கெடக்கு. கத்தரி நாத்து வாங்கி நடுங்க. காலையிலயும் சாயங்காலமும் தண்ணி ஊத்துங்க" என்றேன். என் வாயைத்தான் அடிக்க வேண்டும்.

மத்தியானத்துக்குள் நட்டுவிட்டார்கள். சாயங்காலம் என்னிடம் வந்து நின்றார்கள்.

"சித்தப்பா, எல்லைக்கல்லு எங்க தோட்டத்துக்கு நடுவுல இருக்கு. நாத்து இந்தப் பக்கம். கெணறு அந்தப் பக்கம்" என்றான் சோலைமலை.

"அதுக்கு நான் என்னடா பண்றது? கல்லைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். மத்தது உங்க பாடு" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தேன்.

எழுந்து பார்த்தால் கிணற்றில் ராட்டினம் சுற்றுகிற சத்தம். ஓடினேன். வீரணன் இறைக்கிறான், மற்ற இருவரும் சுமக்கிறார்கள்.

"அடப் பாவிகளா, காப்புக் கட்டின கையோட எல்லையத் தாண்டிட்டீங்களே! ஆத்தா சும்மா விடுவாளா?"

"தாண்டலையே சித்தப்பா" என்றான் வீரணன். "கல்லு அங்க இருக்கு, பாருங்க."

முழங்கால் உயரக் கல், கிணற்றுக்கு அந்தாண்டை பத்தடி தள்ளி நின்றது. மஞ்சள் குங்குமம் கூடக் கலையவில்லை.

"கல்லை எதுக்குடா நகட்டினீங்க?"

"நாங்க அதைத் தாண்டக் கூடாது. அது எங்களைத் தாண்டக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே?" என்றான் மொக்கச்சாமி.

பூசாரியிடம் நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். என் பூசணிக் கொடியும் அந்தப் பக்கம்தான் இருந்தது. இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லாமல் வாடிக் கிடந்தது. அதில் ஒரே ஒரு காய். காப்பு அவிழ்க்கும்போது உடைப்பதற்கென்று கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காய். "சரி, வந்ததுதான் வந்தீங்க, கல்லை இன்னும் இருபதடி தள்ளி வச்சிட்டுப் போங்க" என்றேன். தெய்வ காரியத்துக்காகத்தான்.

வெள்ளிக்கிழமை நாற்றைச் சுற்றி வேலி போடச் சொன்னேன். "ஆடு நுழைய ஒரு சந்து இருக்கக் கூடாது" என்று அழுத்திச் சொன்னேன். மூங்கில், வாய்க்காலுக்கு அப்பால் என் தோப்பில் இருந்தது. கல் வாய்க்காலைக் கடந்தது. கூழைப்பட்டி ஒரே நாளில் இரண்டு பர்லாங்கு வளர்ந்தது. மறுநாள் மத்தியானம் வேலி முடிந்தது. கோழிக்குஞ்சு கூட நுழைய முடியாது. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆடு நின்று கத்தரி நாற்றை மென்றுகொண்டிருந்தது.

"ஆடு எப்படிடா உள்ள வந்துச்சு?"

"வரலை சித்தப்பா. வேலி போடுறதுக்கு முன்னாடியே அங்கதான் நின்னுச்சு" என்றான் சோலைமலை. அவன் குரலும் வேலிக்கு உள்ளேயிருந்துதான் வந்தது. மூன்று பேரும் ஆட்டோடு உள்ளே இருந்தார்கள்.

"அதை வெளிய பத்திவிட வேண்டியதுதானடா?"

"பத்திவிடலாம்னுதான் வீரணன் சொன்னான். ஆடு வெளிய போறதுக்கு வழி விட்டா, அதே வழியில திரும்பி வந்துருமேன்னு விட்டுட்டோம்."

"நீங்க எப்படி வெளிய வருவீங்க?"

மூவரும் வேலியைச் சுற்றிச் சுற்றிச் சந்து தேடினார்கள். கடைசியில் வேலியை ஒட்டியிருந்த என் சுவர் மேல் ஏறி வந்தார்கள். சுவரில் ஏழு செங்கல் விழுந்தது. அதையும் நான் மறந்துவிட்டேன். ஏழு செங்கல், ஒன்று புதுசு.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குள் பெரிய விவாதம். குழந்தை யார் மடியில் உட்காருவது? மூத்தவன் என்பதால் தன் மடி என்றான் சோலைமலை. தன் மடிதான் அகலம் என்றான் வீரணன். குழந்தைக்குத் தன்னைத்தான் பிடிக்கும் என்றான் மொக்கச்சாமி. குழந்தையை மூன்று பேருமே பார்த்தது கிடையாது. சத்தம் பொறுக்காமல் நான்தான் சொன்னேன்: "மூணு பேரும் நெருக்கி உக்காருங்க. கனமா ஏதாவது மடியில வச்சுப் பழகுங்க."

பத்தேகால் மணிக்குப் போய்ப் பார்க்கிறேன். மூன்று பேரும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று மடிக்கும் நடுவே என் பூசணிக்காய். தலையில் கொஞ்சம் சந்தனம். இரண்டு பக்கமும் கோணி ஊசியால் ஒவ்வொரு ஓட்டை.

"அழவே இல்லை சித்தப்பா. தங்கமான பிள்ளை" என்றான் மொக்கச்சாமி.

அன்று முதல் நான் அவர்களோடு பேசுவதில்லை. ஆனால் மறுநாள் பேசும்படி ஆகிவிட்டது. பவளக்கொடி போனில் அழுதாள். காதுகுத்து புதன்கிழமை காலையில். அதைவிட்டால் ஆறு மாசத்துக்கு நல்ல நாள் இல்லையாம். தாய்மாமன்கள் வராவிட்டால் கொழுந்தன் மடியில் உட்கார்த்திக் குத்திவிடுவதாக மாமியார் சொல்லிவிட்டாளாம். "மூணு அண்ணன் இருந்தும் நான் ஆளில்லாதவளா நிக்கணுமா?" என்று கேட்டாள்.

போனை வைத்துவிட்டு மூவரும் தேம்பித் தேம்பி அழுதார்கள். காப்பு அவிழ்ப்பது புதன் சாயங்காலம். காதுகுத்து புதன் காலை. நானும் ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்துப் பூசணிக்காய் ஞாபகம் வந்து தொலைத்தது.

"அழுது என்னடா ஆகப்போகுது? எல்லைக்கல்லு எதுவரைக்கும் போகுதோ, அதுவரைக்கும் நீங்களும் போங்க!" என்று கத்திவிட்டு வந்தேன்.

அழுகை சட்டென்று நின்றது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் கொட்டுமேளத்தோடு எல்லைக்குப் போனோம். என் காயில் ஓட்டை விழுந்துவிட்டதால் பூசாரி சந்தையில் வாங்கின காயோடு வந்தார். பழைய இடத்தில் கல் இல்லை. தரையில் இழுத்த தடம் மட்டும் இருந்தது.

"தாண்டலாமா பூசாரி?" என்று யாரோ கேட்டார்கள்.

"கல்லு இன்னும் முன்னாடிதானே இருக்கு? நடங்க" என்றார் பூசாரி.

நடந்தோம். கிணறு போச்சு, வாய்க்கால் போச்சு, என் மூங்கில் தோப்பு போச்சு. தடம் பஸ் நிறுத்தத்தில் போய் முடிந்தது. கல் அங்கேயும் இல்லை. டீக்கடைக்காரர் சொன்னார்: "விடியக்காலை ஒரு வேன் வந்துச்சு. கல்லை டிரைவருக்குப் பக்கத்து சீட்டுல உக்கார வச்சு, மூணு பேரும் பின்னாடி ஏறிப் போனாங்க. 'கல்லு முன்னாடி இருக்கணும், நாங்க அதைத் தாண்டக் கூடாது'ன்னு சொன்னாங்க."

சோலைமலைக்குப் போன் போட்டேன். "எங்கடா இருக்கீங்க?"

"ஊருக்குள்ளதான் சித்தப்பா" என்றான். "விளாத்திகுளத்துல."

காதுகுத்து நல்லபடியாக முடிந்திருந்தது. மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து, கல்லை மூன்று மடியிலும் வைத்து, கல்லின் மேல் துண்டை மடித்துப் போட்டு, அதன் மேல் குழந்தையை உட்கார்த்தியிருக்கிறார்கள். பவளக்கொடி மாமியாரிடம், "பாத்தீங்களா அத்தே, எங்க அண்ணன்மார் ஊரோட வந்திருக்காக" என்றாளாம். அந்த அம்மா உடனே உள்ளே போய்க் கற்பூரம் எடுத்துவந்து கல்லுக்குக் காட்டினாளாம்.

மறுநாள் மூவரும் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார்கள். கையில் பலகாரப் பை. கல்லைக் காணோம்.

"கல்லு எங்கடா?"

"கெளம்பும்போது தங்கச்சி அழுதுச்சு சித்தப்பா" என்றான் வீரணன். "'பெறந்த ஊரை விட்டு இவ்வளவு தூரத்துல கெடக்கேனே'ன்னுச்சு. மனசு கேக்கலை. கல்லை அது வீட்டுக் கொல்லையில நட்டுட்டு வந்துட்டோம். இனி அதுவும் ஊருக்குள்ளதான்."

கல்லைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினோம். பவளக்கொடியின் மாமியார் தினமும் அதற்குக் கற்பூரம் காட்டுகிறாளாம், தரமாட்டாளாம். கல் இல்லாமல் பூசாரியும் காப்பை அவிழ்க்கமாட்டேன் என்கிறார். ஒன்பது வருடமாக என் கையில் இந்த மஞ்சள் கயிறு இருக்கிறது. நைந்தால் புதுசு கட்டிக்கொள்கிறேன். யார் மேலும் எனக்கு வருத்தம் இல்லை.

நேற்றுக் காலை மூன்று பேரும் என் வாசலில் வந்து நின்றார்கள். பக்கத்து ஊர் ஆடுகள் நம் எல்லைக்குள் நுழைந்து மேய்கின்றன, பொறுக்க முடியவில்லை, வேலி போடப் போகிறோம் என்றார்கள்.

"உங்க தோப்புல கொஞ்சம் மூங்கில் வெட்டிக்கிறோம் சித்தப்பா" என்றான் சோலைமலை. "ரொம்ப வேண்டாம். விளாத்திகுளம் வரைக்கும்தான்."