வயிரமுடியின் குரல்

நெடும்பாறை மடத்தில் செவ்வந்தியப்பனுக்கு இரண்டு வேலை. ஆண்டு முழுக்க அடுப்பைப் பார்த்துக்கொள்வது ஒன்று. அறுப்பு முடிந்த பிறகு மடத்து முற்றத்தில் நடக்கும் கதை வாசிப்பில், கொடியவன் வயிரமுடிக்குக் குரல் கொடுப்பது மற்றொன்று. முதல் வேலைக்காக அவரை யாரும் பாராட்டியதில்லை. கஞ்சி நன்றாயிருந்தது என்று சொல்ல நம் ஜனங்களுக்கு வாய் வராது. இரண்டாவது வேலைக்கோ, பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு கூட்டம் வரும்.

வயிரமுடி கதையில் வருகிற ஒரு கோட்டைத் தலைவன். பகைவர் படை துரத்துகிறது. அவனுடைய சொந்தக் குடிமக்கள் ஓடிவந்து கோட்டைக் கதவைத் தட்டுகிறார்கள். அவன் திறக்கவில்லை. மதில்மேல் நின்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, "கதவு என்னுடையது, அழுகை உங்களுடையது" என்கிறான். அந்த ஒரு வரிக்காகத்தான் அத்தனை பேரும் காத்துக் கிடப்பார்கள். செவ்வந்தியப்பன் அதைச் சொன்னால் மடிக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்க்கும்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். மடத்துத் தலைவி உலகாம்பாள் அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் குரு குருதான். ஒரு நாள் காலையில் செவ்வந்தியப்பன் குருவின் எதிரில் போய் நின்றார்.

"அம்மை, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நல்ல ராசா பேச்சை வாசிச்சா எனக்கே கொட்டாவி வருது. வயிரமுடி பேச்சு மட்டும் நாக்குல இனிக்குது. அடுப்பு முன்னால தனியா இருக்கும்போதும் அவனாவே இருந்து பாக்கேன். கரண்டியப் புடிச்சா, ஊரே என்னைப் பாத்து நடுங்குற மாதிரி இருக்கு. ஏன் அம்மை இனிக்குது? எனக்குள்ள ஏதும் கெட்டது கிடக்கா?"

உலகாம்பாள் முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஏற்பு நாள். நீதான உக்காரணும்?"

"ஆமா."

"உக்காந்து எந்திரி. பொறவு கேளு."

ஏற்பு என்பது அந்த மடத்தில் மட்டும் உள்ள வழக்கம். கதையில் வயிரமுடி செத்த மறுநாள், அவனுக்குக் குரல் கொடுத்தவர் முகத்தில் கரி பூசிக்கொண்டு முற்றத்தில் வெறுந்தரையில் உட்கார வேண்டும். அநியாயம் நடந்து, செய்தவன் ஒத்துக்கொள்ளாமல் நழுவிவிட்டால், பட்டவர்கள் அவர் எதிரில் வந்து நின்று நடந்ததைச் சொல்லலாம். அவர் "நான்தான் செஞ்சேன்" என்று சொல்வார். அந்தச் சொல்லுக்கு மேல் ஒரு சொல் கூடாது. அதைக் கேட்டதும் முற்றம் அடங்கிப்போகும். செய்தவன் கூட்டத்துக்குள்தான் எங்கேயாவது நிற்பான். அவனே முன்னால் வந்து அதே சொல்லைச் சொல்லாதவரை ஊரில் யாரும் அவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், அவன் வீட்டில் கை நனைக்கவும் மாட்டார்கள். கோர்ட்டுக் கச்சேரியில் தீராத வழக்கெல்லாம் அங்கே தீர்ந்திருக்கிறது.

அந்த வருடம் ஆவுடையம்மாள் என்கிற விதவை வந்து நின்றாள். எதற்கு வந்தாள் என்பது ஊருக்கே தெரியும். அவளுடைய மூத்த மகள் கோமதியைச் சொரிமுத்து என்பவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். ஐப்பசி அடைமழையில், நிறைமாதக்காரியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான் அவன். விடிந்து பார்த்தபோது வாசற்படியில் பிணமாகக் கிடந்தாள். தானாக வழுக்கி விழுந்தாள் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான். இப்போது இளைய மகள் வடிவையும் அவனுக்கே கொடுப்பதென்று கொழுந்தன்மார் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். ஆவுடையம்மாள் பேச்சை வீட்டில் கேட்பார் இல்லை. அவளுக்கு மிச்சமிருந்த வழி ஏற்பு ஒன்றுதான்.

"எம்மவ ராத்திரி பூராவும் கதவைத் தட்டியிருக்கா" என்றாள் ஆவுடையம்மாள். "பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கு. அவனுக்குக் கேக்கலையாம். தெறங்க, தெறங்கன்னு கத்தியிருக்கா. நீ தெறக்கலையே!"

செவ்வந்தியப்பன் தலையை நிமிர்த்தினார். முற்றம் நிறையக் கூட்டம். மதில்மேல்கூட ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததுமே அவருக்கு உடம்பு சிலிர்த்தது. நான்தான் செஞ்சேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கதவு என்ற சொல் காதில் விழுந்துவிட்டதே, என்ன செய்வார்? முதலில் சிரிப்பு வந்தது. வயிரமுடியின் சிரிப்பு. பிறகு அவர் குரல் மதிலில் மோதித் திரும்பியது.

"நான்தான் செஞ்சேன்! கதவு என்னுடையது, அழுகை உங்களுடையது!"

 விசில் பறந்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அந்த ஆரவாரத்தில் ஆவுடையம்மாள் எப்போது போனாள் என்று அவருக்குத் தெரியாது.

அன்று கரியைக் கழுவும்போதே அவருக்குத் தப்புச் செய்துவிட்டோம் என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு பெரிய தப்பு என்றுதான் தெரியவில்லை. விடிந்ததும் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் கீழே ஊருக்கு இறங்கினார்.

காப்பிக் கடையில் சொரிமுத்து உட்கார்ந்திருந்தான். கோமதி செத்த நாளிலிருந்து கொல்லை வழியாகவே போய்வந்துகொண்டிருந்தவன், இன்று கடைத்தெருவில், நடு பெஞ்சில், காலை ஆட்டிக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் எழுந்து கும்பிட்டான்.

"வாங்க சாமி! என்னமா ஒரு போடு போட்டீக!" பெஞ்சில் ஏறி நின்று, இடுப்பில் கைவைத்துச் சிரித்தான். அசல் செவ்வந்தியப்பனின் சிரிப்பேதான். "கதவு என்னுடையது..."

"அழுகை உங்களுடையது!" என்று கடையே முடித்துக் கொடுத்தது.

நேற்று வரை இவன் முகத்தில் விழிக்கக் கூசியவர்கள் அவர்கள். இன்று அவனைப் பார்த்து அவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. 

"வெள்ளிக்கெழமை கல்யாணம். நீங்க வந்து முன்னால நிக்கணும் சாமி" என்றான் சொரிமுத்து.

"நிறுத்து!" என்றார் அவர். கடையைப் பார்த்துக் கும்பிட்டார். "ஐயா, எல்லாரும் கேளுங்க. நேத்து நான் சொல்ல வேண்டியது ஒரே சொல்லு. அத இப்பச் சொல்லுதேன். நான்தான் செஞ்சேன். கோமதியக் கொன்னது நான்தான். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

கடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தச் சிரிப்பு எங்க சாமி?" என்றார் காப்பி ஆற்றுகிறவர். "சிரிப்பு இல்லாமச் சொன்னா நல்லாவா இருக்கு?"

ஆமாம் ஆமாம் என்றார்கள். சிரிக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

ஆவுடையம்மாள் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தாயையும் மகளையும் விடியுறதுக்கு முன்னால இருந்தே காணோம். கொழுந்தன்மார் கெணறு கெணறா எட்டிப் பாத்துக்கிட்டு அலையுதாங்க. நீரும் போயித் தேடும். நல்லாத்தான் சிரிச்சீரு."

அவரும் தேடினார். ஊர்க்கிணறு, தோட்டத்துக் கிணறு, பாழுங்கிணறு ஒன்று விடவில்லை. ஒவ்வொன்றிலும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனியும்போது, ஏதாவது தெரிந்துவிடக் கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டார். ஒன்றும் தெரியவில்லை. அதனால் நெஞ்சு ஆறவும் இல்லை. உச்சி வெயிலில் பாறைப் படிகளில் விழுந்து எழுந்து மடத்துக்கு ஏறினார். வாசலில் யாரோ சொம்பில் தண்ணீர் நீட்டினார்கள். வாங்கி மடமடவென்று பாதியைக் குடித்துவிட்டு, சொம்பும் கையுமாகவே குருவிடம் ஓடினார்.

உலகாம்பாள் அடுப்படியில் இருந்தார். கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"அம்மை, தாயையும் மகளையும் காணோம். ஊருல ஒரு கெணறு பாக்கியில்ல, எட்டிப் பாத்துட்டு வாரேன். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆயிருந்துதுன்னா..."  உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "அந்தப் பொம்பள என் முன்னால நின்னு அழுதா. அப்பவும் எனக்கு இனிச்சுது அம்மை. அப்பவும் இனிச்சுது! ஏன்? இப்பவாவது சொல்லுங்க."

உலகாம்பாள் கஞ்சியைத் துழாவிவிட்டு அகப்பையைக் கீழே வைத்தார்.

"வாசல்ல தண்ணி குடுத்தது யாரு?"

"யாரோ ஒரு பிள்ளை."

"அழுதுக்கிட்டிருந்தாளா, சும்மா நின்னாளா?"

"பாக்கலையே அம்மை. நான் இருந்த இருப்புல..."

"ஆவுடையம்மாள் மக வடிவு அவதான். விடியுமுன்னால நான் கீழ போயி ரெண்டு பேரையும் கூட்டியாந்துட்டேன். ஊரு வந்து கேட்டா நான் பேசிக்கிடுதேன்."

செவ்வந்தியப்பன் எழுந்தார். வாசல் பக்கம் திரும்பினார். 

"சொம்பு உன் கையிலதான் இருக்கு" என்றார் உலகாம்பாள். "நேத்து தாய் முகத்தையும் நீ பாக்கல. போயி, மக முகத்தப் பாத்துக் குடு."

அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.