மூணு தொட்டியும் முந்நூறு சொம்பும்

பட்டுத் தலைப்பாகையும் முத்துக் கடுக்கனுமா ஒரு பெரிய மந்திரி, அத்தனை பேர் பார்க்க வழுக்கி விழுந்து, உட்கார்ந்தபடியே பத்தடி சறுக்கிக்கிட்டுப் போனதை நீங்க யாராவது பார்த்திருக்கீங்களா? பார்த்திருக்க மாட்டீங்க. நான் சொல்றேன், கிட்ட வாங்க. வாயில இருக்கிறதை முழுங்கிட்டு வாங்க, சிரிச்சா புரை ஏறும்.

தாழங்கோட்டை, தாழங்கோட்டைன்னு ஒரு ஊரு. அந்த ஊருல ஒரு ராஜா இருந்தாரு. அவருக்கு மலைநாட்டுல இருந்து ஒரு பொண்ணைக் கட்டி வெச்சாங்க. ராணி பேரு வஞ்சிக்கொடி. கல்யாணமாகி வரும்போது அவங்க அம்மா நகை நட்டோட மூணு குட்டித் தொட்டியும் குடுத்து விட்டாங்க. ஒண்ணுல துளசி, ஒண்ணுல மருக்கொழுந்து, ஒண்ணுல கற்பூரவல்லி. "நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து சளி பிடிச்சா, பதறாதே. ரெண்டு இலையைக் கிள்ளிச் சாறெடு"ன்னு சொல்லி விட்டாங்க. ராணியும் அந்த மூணையும் தன் அறை சன்னல்ல வெச்சு வளர்த்தாங்க.

அப்புறம் ராணி முழுகாம இருந்தாங்க, வளைகாப்பு நடந்துச்சு, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாங்க. பல்லக்குல ஏறி உட்கார்ந்தவங்க தலையை வெளியே நீட்டி, "இந்த மூணு செடியும் எங்கம்மா வீட்டு உசுரு. இதைக் காப்பாத்தத் தெரியாத வீட்டுல என் பிள்ளையை எப்படி விடுவேன்? நான் திரும்பி வர்ற அன்னைக்கு மூணும் பச்சையா இருந்தாத்தான் வாசப்படி ஏறுவேன். இல்லேன்னா பல்லக்கு அப்படியே திரும்பிரும், ஆமா!"ன்னாங்க.

பல்லக்கு கண்ணுக்கு மறைஞ்சுதோ இல்லையோ, ராஜா தமுக்கு அடிக்கச் சொல்லிட்டாரு. "ராணி செடிக்குத் தண்ணி ஊத்துறவங்க, ராஜாவுக்கே நல்லது செஞ்சவங்க! டும் டும் டும்!"

போதாதா? காலையில மந்திரி அனந்தப்பர் வந்தாரு, தொட்டிக்கு ஒரு சொம்புன்னு மூணுக்கும் ஊத்துனாரு. மத்தியானம் தளபதி வந்தாரு, மூணு தொட்டிக்கும் மூணு சொம்பு. சாயங்காலம் சமையக்காரர் கரண்டியும் கையுமா வந்தாரு, அவரும் மூணு சொம்பு. அப்புறம் குதிரைக்காரன், கூத்தாடி, குடை பிடிக்கிறவன், எல்லாரும் வந்தாங்க. ராஜா கண்ணுல படணுமே!

ராணி அறையைக் கூட்டித் துடைக்கிறவங்க பேரு பூச்சியம்மா. அவங்க தொட்டி மண்ணுல விரலை விட்டுப் பார்த்துட்டு, "ஐயா, விரலெல்லாம் ஈரமா வருது. இன்னைக்கு வேணாம் ஐயா"ன்னு கெஞ்சுவாங்க.

"போ பூச்சி! விளக்குமாறு பிடிக்கிற உனக்கு ராஜ விசுவாசத்தைப் பத்தி என்ன தெரியும்?"ன்னு மந்திரி இன்னும் ஒரு சொம்பைக் கவிழ்ப்பாரு.

நல்லவேளை, தொட்டிக்கு அடியில ஓட்டை இருந்துச்சு. ஊத்துன தண்ணியெல்லாம் ஓட்டை வழியா இறங்கி, சன்னல்ல இருந்து சொட்டி, வழவழன்னு இருக்கிற கல்லுத் தரையில ஓடி, சபை மண்டபம் வரைக்கும் போயிரும். பூச்சியம்மா துடைப்பாங்க, துடைப்பாங்க, துடைச்சுக்கிட்டே இருப்பாங்க.

அப்பத்தான் மலைநாட்டுல இருந்து ஓலை வந்துச்சு. ராணிக்குப் பெண் குழந்தை! குழந்தைக்கு மூணாம் மாசம் திரும்பி வர்றாங்க! அந்த நல்ல சேதியை நாமதான் முதல்ல சொல்லணும்னு மந்திரி ஓலையைப் பிடுங்கிக்கிட்டு ஓடுனாரு பாருங்க, "மகாராஜா! மகாராஜா! மகாரா..." சர்ர்ர்ர்ருனு போயி, ராஜா காலடியில டொம்முனு நின்னாரு. தலைப்பாகை ஒரு பக்கம், கடுக்கன் ஒரு பக்கம்! தளபதி சிரிச்சாரு, ராஜா சிரிச்சாரு, கூண்டுல இருந்த கிளி கூட, "மகாரா... சர்ர்ர்!"னு சொல்லிக் காட்டுச்சு.

மந்திரிக்கு மூஞ்சி சிவந்துபோச்சு. அன்னைக்குச் சாயங்காலம் யாரும் இல்லாத நேரத்துல அவரு ராணி அறைக்குள்ள போனாரு, என்னமோ செஞ்சாரு, கையைத் துடைச்சுக்கிட்டு வந்துட்டாரு. என்ன செஞ்சாருன்னா... இருங்க, வருது.

மறுநாள் தரை காய்ஞ்சு கிடந்துச்சு! ஒரு சொட்டு இல்லை! "அடடா, செடிக்கு என்ன தாகம் பாரு, அத்தனையும் குடிச்சிருச்சே!"ன்னு தளபதி ஒரு சொம்பு கூடவே ஊத்துனாரு. சமையக்காரர் ரெண்டு சொம்பு கூடவே ஊத்துனாரு. துளசி பழுத்துச்சு, மருக்கொழுந்து தலை சாஞ்சுச்சு, கற்பூரவல்லி சொதசொதன்னு ஆச்சு. வாடுதேன்னு விளிம்பு தளும்புற வரைக்கும் இன்னும் ஊத்துனாங்க. ஊத்த ஊத்த இன்னும் வாடுச்சு.

ராணி வர இன்னும் இருபத்தொரு நாள்தான். ராஜா செடியைப் பார்த்துட்டு, "ஐயோ, என் பிள்ளை மூஞ்சியையே பார்க்க முடியாதா!"ன்னு தலையில கை வெச்சு உட்கார்ந்துட்டாரு.

மந்திரி முன்னால வந்தாரு. "மகாராஜா, அரண்மனையில எல்லாரும் தண்ணி ஊத்துனோம். ஊத்தாத ஆள் ஒண்ணே ஒண்ணு. இந்தப் பூச்சி! இவளை ஊரை விட்டுத் துரத்துங்க."

"நெசமா பூச்சியம்மா? நீ ஊத்தலையா?"

"ஊத்தலை மகாராஜா."

"ஒரு சொம்பு கூடவா?"

"ஒரு சொம்பு கூட இல்லை. ஊத்தாம இருந்த ஒரே ஆள் நான்தான், அதுதான் நான் செஞ்ச உபகாரம். என்னைத் துரத்துறதுன்னா துரத்துங்க. அதுக்கு முன்னாடி அந்தத் தொட்டியை ஒரு தடவை நீங்களே தூக்கிப் பாருங்க."

ராஜா தூக்குனாரு. குட்டித் தொட்டி, ஆனா குழவிக்கல்லு கனம் கனக்குது! புரட்டிப் பார்த்தா, அடியில ஓட்டையைக் காணோம். ஓட்டை இருந்த இடத்துல சிவப்பா அரக்கு. ஓலைக்கு முத்திரை வைக்க உருக்குவாங்களே, அதே அரக்கு! அது மட்டுமா? அந்த அரக்கு மேல அழகா, தெளிவா, மந்திரியோட மயில் முத்திரை! முப்பது வருஷமா அரக்கை உருக்குனா மோதிரத்தை அழுத்தியே பழகின கை இல்லையா? திருட்டு வேலை செய்யும்போதும் அழுத்திட்டாரு! மூணு தொட்டி, மூணு மயிலு!

ராஜா, "அனந்தப்பரே, இது என்ன?"ன்னாரு.

"தரை... தரை நனையுதேன்னு... ஆனா மகாராஜா, தண்ணி நல்லதுதானே? தண்ணி கூடினா என்ன கெட்டுப்போச்சு?"

"ஒண்ணும் கெட்டுப்போகலையா? சரி. அனந்தப்பருக்கு நீர்மோர் கொண்டாங்க!"

தளபதி ஒரு பெரிய சொம்பு நீட்டுனாரு. மந்திரி, "ஆகா, பெருங்காயம் மணக்குது"ன்னு குடிச்சாரு. சமையக்காரர் ஒரு சொம்பு நீட்டுனாரு. மந்திரி, "ம்... சரி"ன்னு குடிச்சாரு. குதிரைக்காரன் ஒரு சொம்பு நீட்டுனான். மந்திரி அரைச் சொம்புலயே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, "போதும்! போதும்! உசுரு போகுது!"ன்னு அலறிட்டாரு. பின்னால திரும்பிப் பார்த்தா, வாசல் வரைக்கும் வரிசை, ஆளாளுக்குக் கையில சொம்பு!

பூச்சியம்மா சொன்னாங்க: "உங்களுக்கு வாய் இருக்கு ஐயா, போதும்னு சொல்லிட்டீங்க. அந்தச் செடிங்க யார்கிட்ட சொல்லும்?"

மந்திரி தலையைத் தொங்கப் போட்டுட்டாரு. ராஜா அவரோட முத்திரை மோதிரத்தைக் கழட்டி வாங்கிட்டு, துடைக்கிற துணியைக் கையில குடுத்தாரு. எந்தத் தரைக்காக ஓட்டையை அடைச்சாரோ, அந்தத் தரையை அன்னையில இருந்து அவரே துடைச்சாரு.

பூச்சியம்மா முந்தானையை இழுத்துச் செருகுனாங்க. அரக்கைக் குத்தி எடுத்தாங்க. குபுக்குனு கொட்டுச்சு பாருங்க தண்ணி, எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டாங்க! செடியைத் தட்டி எடுத்து, கறுத்த வேரை நறுக்கி, ஆத்து மணல் கலந்த மண்ணுல வெச்சாங்க. கற்பூரவல்லி மட்டும் அடித்தண்டு கொழகொழன்னு போயிருச்சு. அதுல பச்சையா இருந்த ஒரே ஒரு நுனியைக் கிள்ளி நட்டாங்க. "பிழைச்சா உன் புண்ணியம்டி"ன்னாங்க.

மூணாம் நாள் ராஜா ஓடி வந்தாரு. "ஊத்தட்டுமா?" "விரலை விட்டுப் பாருங்க." "ஈரம்." "அப்ப வேணாம்." ஆறாம் நாள் ஓடி வந்தாரு. "ஊத்தட்டுமா?" "விரலை விட்டுப் பாருங்க." "அடியில கொஞ்சம் ஈரம்." "அப்ப வேணாம்." ஒன்பதாம் நாள் விரலை விட்டவரு, "காய்ஞ்சிருக்கு! காய்ஞ்சிருக்கு!"ன்னு குதிச்சாரு. "அப்ப ஒரு கை தண்ணி, சுத்திலும் தெளிச்ச மாதிரி"ன்னாங்க பூச்சியம்மா. நாட்டையே ஆளுற ராஜா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கை தண்ணி தெளிச்சாரு.

இருபத்தொண்ணாம் நாள் பல்லக்கு வந்து வாசல்ல நின்னுச்சு. உள்ளே குழந்தை அழுவுது. ராணி இறங்கலை. "செடி எங்கே?"ன்னாங்க. ராஜா தட்டுல வெச்சுத் தூக்கிட்டு வந்தாரு. துளசி, பச்சை. மருக்கொழுந்து, பச்சை. கற்பூரவல்லி... விரல் உயரம்தான் இருக்கு, உச்சியில மட்டும் ரெண்டே ரெண்டு புது இலை, பளிச்சுனு பச்சை! ராணி குனிஞ்சு மோந்து பார்த்தாங்க. நடந்ததை ராஜா ஒண்ணு விடாம சொன்னாரு. ராணி சிரிச்சுக்கிட்டே குழந்தையோட இறங்கினாங்க.

கதை வாசப்படி வரைக்கும் வந்துருச்சு, ராணியும் ஏறப்போறாங்க. அதுக்குள்ள, அடேயப்பா! தளபதி, சமையக்காரர், குதிரைக்காரன், ஆளாளுக்குக் கையில சங்குல பாலு! "நான் ஒரு சங்கு ஊட்டுறேன் ராணியம்மா!" "இல்ல, நான் ஒரு சங்கு!" "எனக்கு முதல்ல!"

ராணி அந்த வரிசையைப் பார்த்தாங்க, கையில இருக்கிற சின்னதைப் பார்த்தாங்க. அப்புறம் பூச்சியம்மா பக்கமாத் திரும்பி, "அக்கா, இவளுக்கும் இன்னும் பேச்சு வரலை. கொஞ்ச நாளைக்கு இவ பக்கத்துலயே இருந்து, இவங்ககிட்ட 'போதும்'னு நீங்க சொல்லுங்கக்கா"ன்னாங்க.